அப்பாவோட கழனி வாழ்க்கையை எழுதி வைக்கணுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது

எங்கப்பா தவறுன அன்னைக்கு மத்தியானத்துக்குள்ளயே ஊர் முனையில கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிட்டாங்க. அதுல இருந்த போட்டோ என் தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது, பட்டு சட்டை, நெத்தியில சந்தனம், முடியெல்லாம் படிய வாரி, யாரோ பணக்கார வீட்டு சம்பந்தி மாதிரி இருந்தாரு. வயசு 71னு போட்டிருந்துச்சு, அதுவும் தப்பு. வருஷத்துல பத்து நாள் சட்டை போட்டிருந்தாருன்னா அதிகம், மீதி நாளெல்லாம் தலையில முண்டாசு, இடுப்புல வேட்டி, அர்ணாக்கயித்துல மோட்டர் ரூம் சாவி, அவ்ளோதான். பேனரைப் பாத்துட்டு எங்க ஊரு பெரியவர் ஒருத்தர் "இது யாருப்பா"ன்னு கேட்டாரு. கிண்டலுக்கு இல்ல, நெஜமாவே அடையாளம் தெரியல அவருக்கு.

அதுக்கப்புறம்தான் தலை தெவசத்துக்குள்ள ஒரு சின்ன புக்கு போட்டுடணும்னு முடிவு பண்ணேன், 2024 ஜனவரியில 24 பக்கத்துல வந்துச்சு. நான் எழுத்தாளன் எல்லாம் கிடையாது, கடலூர்ல ஒரு கடையில கணக்கு எழுதறவன். எங்க ஊரு பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவுல, தென்பெண்ணை கரையோரம். ரெண்டு மூணு காணி வச்சுக்கிட்டு மீதி நேரமெல்லாம் ஏரி, ஆறு, முந்திரிக்காடுன்னு சுத்துன ஒரு மனுஷனைப் பத்தி முதல் தடவையா எழுத உக்கார்றவங்களுக்கு நான் பண்ண தப்பையும் சேத்து சொல்றேன். ஆபீஸ் வேலை பாத்தவரா இருந்தா ஆர்டர் காப்பி, ப்ரமோஷன், ரிட்டையர்மெண்ட் போட்டோன்னு எல்லாம் ஃபைல்ல இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் இல்ல. இவங்க வாழ்க்கை நிலத்துல கொஞ்சம், சாமான்ல கொஞ்சம், அடுத்தவங்க வாயில கொஞ்சம்னு செதறிக் கெடக்கும், அதைப் போய் பொறுக்கறதுதான் முக்கால்வாசி வேலை, எழுதறது கடைசி கால்வாசி.

முதல்ல, காரியம் முடியறதுக்குள்ள

16ஆம் நாள் காரியம் வரைக்கும் வீடு நெறைய ஆளு இருக்கும். துக்கம் விசாரிக்க வர்றவங்க சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க, கதை சொல்லுவாங்க, அதுவும் நீங்க பொறந்ததுலேர்ந்து கேக்காத கதையா இருக்கும். அந்த நேரத்துல போனை நீட்டி ரெக்கார்ட் பண்ணாதீங்க, அசிங்கமா இருக்கும், வாயை மூடிக்குவாங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி யாரு என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி மட்டும் போன்ல டைப் பண்ணி வச்சுக்குங்க. "மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், வெள்ளைத் துண்டு, அப்பாவோட மாடு வாங்க திருவண்ணாமலை போனாராம்" இந்த அளவு போதும். ஃபோன் நம்பர் வாங்கிடுங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே எல்லாரும் கெளம்பிடுவாங்க, அப்புறம் அந்த வெள்ளைத் துண்டு யாருன்னு கண்டுபிடிக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

இன்னொண்ணு, இந்த 16 நாள்ல பட்டா எங்க, பத்திரம் எங்கன்னு வாயைத் தொறக்காதீங்க. நான் புக்குக்காகத்தான் கேட்டேன், ஆனா எங்க அத்தை "தம்பி அதுக்குள்ள பங்கு பிரிக்கறான்"னு நெல்லிக்குப்பம் வரைக்கும் சொல்லிட்டாங்க. இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், அதை மட்டும் விஏஓகிட்ட பண்ணிடுங்க. வாரிசு சான்று, பட்டா பேர் மாத்தறது எல்லாம் தனி ஓட்டம், அந்த ஃபைலையும் இந்த ஃபைலையும் கலக்காதீங்க.

வயசு, தேதி

பேனர்ல 71னு வந்ததுக்கு காரணம் ஆதார் கார்டு. ஆதாருக்கு காரணம் பள்ளிக்கூட சர்டிபிகேட், அதுல 10.6.1951. அந்தக் காலத்துல கையை தலைக்கு மேல வளைச்சு மறுபக்கத்து காதைத் தொட்டா ஒண்ணாப்பு, வாத்தியாரே ஜூன் மாசத்துல ஒரு தேதி போட்டுக்குவாரு. உங்க வீட்லயும் அப்பா சித்தப்பா எல்லாருக்கும் பொறந்த நாள் ஜூன்லயே இருந்தா சந்தேகப்படுங்க. (எங்க சித்தப்பாவும் ஜூன் 10தான். ரெட்டைப் பிள்ளை இல்ல.)

சரியான தேதிக்கு ஜாதகத்தைத் தேடுங்க. பழைய நோட்டு, ஓலை எதுவா இருந்தாலும் தமிழ் வருஷம், மாசம், நட்சத்திரம் இருக்கும். அப்பாவோடதுல "விஜய வருஷம் ஐப்பசி"ன்னு இருந்துச்சு. தமிழ் வருஷம் 60க்கு ஒரு தடவை சுத்தி வரும், விஜயன்னா 1953-54 இல்லன்னா 2013-14, அப்ப 1953 அக்டோபர் பாதியிலேர்ந்து நவம்பர் பாதிக்குள்ள. அந்த நட்சத்திரம் அந்த மாசத்துல எந்த நாள்னு பஞ்சாங்கம் பாக்கறவங்ககிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷத்துல தேதி சொல்லிடுவாங்க. ஆக 2023 தையில அப்பா போறப்ப 69தான் முடிஞ்சிருந்துச்சு.

ஜாதகமும் இல்லன்னா ஊர் நெனப்புல இருக்கற பெரிய சம்பவத்தை வச்சு கணக்கு போடுங்க. எந்த வருஷம்னு கேட்டா எங்க ஊருல யாருக்கும் தெரியாது, ஆனா "அண்ணாதுரை செத்தப்ப எனக்கு மீசை அரும்புச்சு"ன்னு சொல்லுவாங்க, அது 1969 பிப்ரவரி. எம்ஜிஆர் செத்தது 1987 டிசம்பர். சுனாமி 2004 டிசம்பர் 26, தானே புயல் 2011 டிசம்பர் 30, பெரு வெள்ளம் 2015. இதுல ஒவ்வொண்ணுக்கும் அவரு எங்க இருந்தாரு, நிலத்துல என்ன பயிரு நின்னுச்சுன்னு கேட்டாலே வாழ்க்கையோட எலும்புக்கூடு கெடைச்சிடும். பாகூர், வில்லியனூர் பக்கம் சொந்தம் இருந்தா ஒண்ணு கவனிங்க, 1954 நவம்பர் 1க்கு முன்னாடி அங்க பிரெஞ்சுக்காரன் ஆட்சி, பழைய காகிதம் பிரெஞ்சுல இருக்கும். எங்கம்மா பாகூரு, தாத்தா பத்திரம் அப்படித்தான் இருந்துச்சு, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைப் புடிக்க பாண்டியில நாலு வீடு ஏறி எறங்குனேன்.

நிலத்தை நடந்து பாருங்க

வீட்டுத் திண்ணையில உக்காந்து "அப்பா எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டீங்கன்னா "தங்கமான மனுசன்"னு ஒரே பதில்தான் வரும், பத்து பேருகிட்ட கேட்டாலும் பத்து தங்கம். அதே ஆளை கூட்டிக்கிட்டு கழனி வரப்புல நடந்தீங்கன்னா தானா வாய் தொறக்கும், இந்த வேப்பமரம் யாரு வச்சது, இந்த வரப்பு ஏன் கோணலா போவுது, இங்கதானே உங்கப்பனும் அவனும் அடிச்சுக்கிட்டானுங்கன்னு. நான் சித்தப்பாவோட காலையில ஆறு மணிக்குப் போனேன், ஒன்பதரைக்குள்ள திண்ணையில அஞ்சு மாசம் கெடைக்காதது எல்லாம் கெடைச்சுது.

நடக்கறப்ப பட்டா காப்பியும் புலப்பட ஸ்கெட்சும் கையில வச்சுக்குங்க, ரெண்டையும் ஆன்லைன்லயே எடுத்துக்கலாம். பட்டாவுல சர்வே நம்பர்தான் இருக்கும், ஆனா வீட்ல யாரும் சர்வே நம்பர் சொல்லி நிலத்தை கூப்பிட மாட்டாங்க. எங்களுது "கிணத்துக் கழனி", "பள்ளக் கழனி", "மேட்டுக் கொல்லை". இந்தப் பேரு எந்த ரெக்கார்டுலயும் இல்ல, எங்க சித்தப்பா போயிட்டா அந்தப் பேரும் போயிடும். ஸ்கெட்ச் மேலயே பென்சில்ல எழுதிக்குங்க. போன் மேப்ல நின்ன எடத்துல ஒரு பின்னும் போட்டு சேவ் பண்ணிடுங்க.

அளவு விஷயத்துல புதுசா வர்றவங்க கொழம்புவாங்க. பட்டாவுல ஹெக்டேர், ஏர் (ஹெக்டேர்ல நூத்துல ஒரு பங்கு)னு இருக்கும், பத்திரத்துல ஏக்கர், சென்ட்டு, பேச்சுல காணி. 100 குழி ஒரு காணி, அது 1 ஏக்கர் 32 சென்ட்டு. எங்களுக்கு பட்டாவுல 1 ஹெக்டேர் 7 ஏர், அதை 2.47ஆல பெருக்குனா 2 ஏக்கர் 64 சென்ட்டு, அதாவது சரியா 2 காணி. அது போக 80 சென்ட்டு முந்திரிக் கொல்லை. 5 ஏக்கருக்குள்ள இருந்தா சிறு விவசாயி, ரெண்டரை ஏக்கருக்குள்ளன்னா குறு விவசாயி, தாசில்தார் ஆபீஸ்ல இதுக்குன்னு சர்டிபிகேட்டே இருக்கு. புக்குல நான் "ரெண்டு காணிக்காரர்"னுதான் எழுதுனேன், அவரு அப்படித்தான் சொல்லிக்குவாரு. இன்னொண்ணு, 1993 செப்டம்பர் 30க்கு முன்னாடி கடலூர் மாவட்டம்னு ஒண்ணு கெடையாது, தென்னாற்காடு மாவட்டம்தான். பழைய காகிதத்துல மாவட்டம் பேரு மாறியிருக்கேன்னு பயப்படாதீங்க.

நடக்கறப்ப கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி, எந்தத் துண்டுல எந்தக் காலத்துல என்ன பயிரு. எங்க மேட்டுக் கொல்லையில முதல்ல கம்பு, கேவுரு, அப்புறம் மல்லாட்டை (வேர்க்கடலை), அப்புறம் மரவள்ளி, கடைசியா சவுக்கு. இதுல மனுஷன் வாழ்க்கையே இருக்கு. வீட்ல ஆளுங்க இருந்தப்ப கம்பும் மல்லாட்டையும், களை எடுக்க ஆளு கெடைக்காம போனதும் மரவள்ளி, பையன் டவுனுக்குப் போனதும் சவுக்கு, நட்டு விட்டுட்டா நாலு வருஷம் யாரும் பாக்க வேண்டாம். அந்த பையன் நான்தான். இதை எழுதறப்ப கொஞ்சம் கை நின்னுச்சு, ஆனா எழுதிட்டேன். தண்ணிக்கும் இதே மாதிரி கேளுங்க, கவலை (மாடு கட்டி கிணத்துத் தண்ணி எறைக்கறது), ஆயில் இன்ஜின், கரண்ட் மோட்டர்னு எது எப்ப வந்துச்சுன்னு. எல்லா விவசாயிக்கும் கரண்ட்டு இலவசம்னு ஆனது 1990ல, அதுக்கு முன்னாடி பில்லு கட்ட அவரு பட்ட பாட்டுக்கு தனிக் கதை இருக்கும்.

சாமான்

எல்லா சாமானையும் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. வெயில்ல வைக்காதீங்க, திண்ணை நிழல்ல ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சு மேல வச்சு, ஃப்ளாஷ் இல்லாம. பக்கத்துல ஒரு தீப்பெட்டி வச்சீங்கன்னா அளவு தெரியும். தேஞ்ச மண்வெட்டி, களைக்கொத்து, கருக்கு அருவா, பேட்டரி லைட்டு, தூண்டில் முள்ளு வச்சிருந்த பவுடர் டப்பா.

ஒவ்வொரு சாமானையும் அதைக் கூட சேந்து பயன்படுத்துன ஆளுகிட்ட எடுத்துட்டுப் போங்க. இதை நான் அப்பாவோட ஊத்தாவை வச்சுத்தான் கத்துக்கிட்டேன். தெரியாதவங்களுக்கு, ஊத்தான்னா மூங்கில் சிம்பால கட்டுன கூடை மாதிரி, மேல வாய் சின்னது, கீழ வாய் பெருசு, ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும். பங்குனி சித்திரையில ஏரி வத்தி முழங்கால் தண்ணி ஆனதும் ஊரே எறங்கும், கலங்கல்ல நடந்துக்கிட்டே ஊத்தாவைக் குத்திக் குத்திப் போவாங்க. நான் அதை வெறும் கூடைன்னு நெனச்சு ஒரு வரி எழுதியிருந்தேன். அப்பாவோட கூட்டாளி மாமா ஒருத்தர்கிட்ட குடுத்தேன், வாங்குன உடனே எழுந்து நின்னாரு, கூடத்துல வெறுந்தரையில குத்தி மேல் வாயில உள்ளங்கையை வச்சு கண்ணை மூடிக்கிட்டாரு. "குத்துனதும் அவசரப்படக் கூடாதுப்பா. கெண்டை இருந்தா படபடன்னு அடிக்கும். விரால் ஒரே ஒரு முட்டு முட்டிட்டு சும்மா இருக்கும், ஏமாத்தும். ஒண்ணுமே அசையாம வழவழன்னு சிம்பை ஒரசுச்சுன்னா கையை விடாதே, அது பாம்பு. உங்கப்பன் அதுலயும் கைய வுடுவான்." அப்புறம் அப்பாவோட வலது கை மோதிர வெரல் ஏன் கோணலா இருந்துச்சுன்னு சொன்னாரு. 40 வருஷமா அந்த வெரலைப் பாத்திருக்கேன், கேட்டதே இல்ல.

காகிதத்துல எதைப் பாக்கணும்

டைரி எழுதுற விவசாயி ரொம்ப கம்மி. ஆனா எங்கயாவது கிறுக்கியிருப்பாங்க. தினசரி காலண்டர் கிழிச்ச தாள் பின்னாடி, மில்லுல குடுத்த கரும்பு கட்டிங் ஆர்டர் பின்னாடி, பீரோ கதவு உள்பக்கம் எல்லாம் பாருங்க. எங்கப்பா மோட்டர் ரூம் சுவத்துல கரியால எழுதுவாரு. பெரும்பாலும் தண்ணி முறை, மழை பேஞ்ச தேதி. அதுல ஒரு வரி, "30.12 புயல். பலா 4. முந்திரி 31". தானே புயலுக்கு அவரு எழுதுனது அவ்ளோதான். அன்னைக்கு கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுன புயல் பண்ருட்டி பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோட புடுங்கிப் போட்டது எல்லாருக்கும் தெரியும், அதுல நாலு மரம் எங்க தாத்தா வச்சது. சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. பக்கவாட்டுல இருந்து டார்ச் அடிச்சு எடுத்தா அழிஞ்ச எழுத்தும் கொஞ்சம் தெரியும்.

இன்னொரு பொக்கிஷம் நகை அடமான ரசீது. யாரும் இதை வெளிய காட்ட மாட்டாங்க, வெக்கப்படுவாங்க. ஆனா எங்கம்மா ஒரு மஞ்சப்பையில எல்லாத்தையும் வச்சிருந்தாங்க, தேதி வாரியா அடுக்குனப்ப தெரிஞ்சுது, ஆடியில கூட்டுறவு சங்கத்துக்கு அடமானம் போற செயின் தை, மாசியில திரும்பி வருது, வருஷம் தவறாம. வராத வருஷம் எதுன்னு பாத்தா அந்த வருஷம் வெள்ளம், இல்லன்னா எங்க பரீட்சை ஃபீஸ். பயிர் கணக்கு எழுதாத குடும்பத்துக்கு இதுதான் பயிர் கணக்கு. (அம்மாகிட்ட கேட்டுட்டு, தொகையை மட்டும் மறைச்சு ஒரு ரசீதை புக்குல போட்டேன். சித்தப்பாவுக்கு கோவம். போகட்டும்.)

ஸ்கேன் பண்ணுங்க, இன்னைக்கே

இதை நான் பாதிதான் பண்ணேன், அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். புக்குக்கு வேணும்னு தோணுனதை மட்டும் ஸ்கேன் எடுத்துட்டு மீதியை டிரங்கு பெட்டியில போட்டு தரையிலயே வச்சிருந்தோம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல், அது பின்னாடியே சாத்தனூர் அணைத் தண்ணி, பெண்ணை கரை பொரண்டு டிசம்பர் முதல் வாரம் வீட்டுக்குள்ள இடுப்பளவு. பெட்டி மூணு நாள் தண்ணிக்குள்ள. காலண்டர் தாள் எல்லாம் கூழ்.

ஆக, எல்லாத்தையும் எடுங்க, எது முக்கியம்னு இப்ப முடிவு பண்ணாதீங்க. காகிதத்துக்கு 300 டிபிஐ, சின்ன போட்டோவுக்கு 600. ஸ்கேனர் இல்லன்னா போன்லயே ஜன்னல் வெளிச்சத்துல நேரா மேலேர்ந்து எடுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது அமுக்கி சின்னதாக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஒரு காப்பி பென்டிரைவ்ல, ஒண்ணு கிளவுட்ல, ஒண்ணு வெளியூர்ல இருக்கற தங்கச்சிகிட்ட. ஒரே ஊர்ல மூணு காப்பி இருந்தா ஒரே வெள்ளம் போதும். போட்டோ பின்னாடி பேர் எழுதறதுன்னா பென்சில்ல மெதுவா, பால்பாயிண்ட் அழுத்தி எழுதுனா முன்பக்கம் மொகத்துல கோடு விழும்.

நனைஞ்சு போச்சுன்னா வெயில்ல காயப் போடாதீங்க, அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீங்க. ஒட்டிக்கிட்ட போட்டோவை பிச்சு எடுக்காம சுத்தமான பச்சைத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊற விட்டு மெதுவா பிரிச்சு, படம் மேல பாக்கற மாதிரி நிழல்ல ஃபேன் காத்துல வைங்க. நோட்டுக்கு நடுவுல நியூஸ்பேப்பர் சொருகாதீங்க, மை ஒட்டிக்கும், வெள்ளைத் தாள் வைங்க. ஒரே நாள்ல முடியலன்னா கவர்ல போட்டு ஃப்ரீஸர்ல வச்சுட்டு ஒவ்வொண்ணா எடுத்துக் காய வைக்கலாம். இது எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு இருபது போட்டோ மிஞ்சியிருக்கும்.

யாருகிட்ட பேசணும்

சொந்தக்காரங்க கடைசி. முதல்ல அம்மா. நான் முதல் டிராஃப்ட் எழுதி முடிச்சு தங்கச்சிகிட்ட குடுத்தேன், அவ படிச்சுட்டு "அம்மா இந்த வூட்டுக்கு எப்ப வந்தாங்க"ன்னு கேட்டா. 18 பக்கத்துல அம்மா ரெண்டு எடத்துல, ரெண்டுலயும் சோறு எடுத்துட்டு வர்றாங்க. நாத்து நட்டது, களை வெட்டுனது, மாடு கறந்து சொசைட்டிக்கு ஊத்துனது, மல்லாட்டை உரிச்சு விதைக்கு எடுத்து வச்சது எல்லாம் அவங்க. அப்பா தூண்டிலை எடுத்துக்கிட்டு பெருமாள் ஏரி வரைக்கும் சைக்கிள் மிதிச்ச நாள்ல எல்லாம் தண்ணி கட்டுனது யாரு? அதைத் திருத்தி எழுதுனப்புறம்தான் புக்கு புக்கா ஆச்சு.

அடுத்து, நிலத்துல வேலை செஞ்சவங்க. காலனியிலேர்ந்து வந்து 30 வருஷத்துக்கு மேல எங்க கழனியில ஏர் ஓட்டுன பெரியவர் ஒருத்தர் இருக்காரு. சின்ன வயசுல அவரை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், எங்க தாத்தா வயசு அவருக்கு. இந்தத் தடவை அவரு வீட்டுக்குப் போய் "ஐயா"ன்னேன், கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அப்பாவைப் பத்தி ரொம்ப நல்லா பேசுனாரு, கூலி நெல்லு அளக்கறப்ப மரக்காலை தலைதட்டாம குவிச்சுப் போடுவாருன்னாரு, ராத்திரி நண்டு புடிக்கப் போனா புடிச்சதுல சரிபாதி பிரிப்பாருன்னாரு. கெளம்பறப்ப சொன்னாரு, "எல்லாம் சரி தம்பி, தண்ணி குடுக்கற டம்ளர் மட்டும் வேறதான். கொட்டாய்ல சொருகி வச்சிருக்கும்." நான் அதை எழுதலாமான்னு கேட்டேன். "நெசம்தானே"ன்னாரு. எழுதுனேன். வீட்ல மூணு நாள் சண்டை. அந்தப் பத்தியை எடுக்கச் சொல்லி மூணு பேரு கேட்டாங்க, அம்மா மட்டும் எடுக்க வேண்டாம்னாங்க.

ரெக்கார்டிங்குக்கு போன் போதும், ஏர்பிளேன் மோட்ல போட்டு அவங்க துண்டு மேல வச்சுடுங்க. மோட்டர் ஓடற எடம், காத்து அடிக்கற வரப்பு வேண்டாம். முதல்லயே "ரெக்கார்ட் பண்றேன்"னு சொல்லிடுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், வயசானவங்க களைச்சுப் போவாங்க. கூகுள் கீபோர்டுல வாயால சொன்னா தமிழ் டைப் ஆகும், ஆனா ஊத்தான்னு சொன்னா ஊதான்னு போடும், மல்லாட்டைக்கு என்ன போடும்னு நீங்களே பாத்துக்குங்க. கேள்வியெல்லாம் சின்னதா, கையில புடிக்கற மாதிரி இருக்கணும். மழை வரும்னு எப்படிச் சொல்லுவாரு, எந்த மீனை வீட்டுக்கு எடுத்துட்டு வருவாரு எதை திரும்ப விட்டுடுவாரு, யாரோட பேசாம இருந்தாரு, எத்தனை வருஷம்.

சொல்லலாமா வேண்டாமா

காடு சுத்துன மனுஷன்னா வேட்டைக் கதை வராம இருக்காது. முந்திரிக்காட்டுல ராத்திரி பேட்டரி லைட்டு அடிச்சு முயலு, கண்ணி வச்சு கவுதாரி. 1972லயே வனவிலங்குச் சட்டம் வந்துடுச்சு, எங்கப்பா அதுக்கு அப்புறமும் போனாருங்கறதுதான் உண்மை. நான் ஒரு பத்தியில, பெருமையாவும் இல்லாம திட்டாமலும், போனாரு, சட்டப்படி தப்பு, 90கள்ல கவுதாரி சத்தமே கேக்காம போனதும் விட்டுட்டாருன்னு எழுதுனேன். கூடப் போனவங்க பேரைப் போடல, அவங்க உயிரோட இருக்காங்க. செத்த முயலோட நிக்கற ஒரு போட்டோ இருந்துச்சு, அதைப் போடல. அதே மாதிரி பாண்டி பார்டர் கடை. எங்க பக்கத்து ஆளுங்க வாழ்க்கையை அது இல்லாம எழுதுனா பொய்யா இருக்கும், ரொம்ப எழுதுனா அவமானமா இருக்கும். "சனிக்கிழமை சைக்கிள் தானா வீட்டுக்கு வரும், அப்பா அது மேல இருப்பாரு"ன்னு சித்தப்பா சொன்ன ஒரு வரியைப் போட்டு விட்டுட்டேன், ஊர் சிரிச்சுது, அம்மாவும்.

எழுதறப்ப

"அன்பும் பண்பும் நிறைந்தவர்", "மண்ணை நேசித்தவர்" இதெல்லாம் வந்தா உடனே அடிச்சுடுங்க. அது பேனர் பாஷை, யாருக்கு வேணா பொருந்தும். அதுக்குப் பதிலா அவரு பண்ணதை எழுதுங்க. மோட்டர் ரூம் சாவியை அர்ணாக்கயித்துல கட்டிக்கிட்டு கல்யாணத்துக்கும் போவாரு, பட்டு வேட்டிக்குள்ள அது சத்தம் போடும். தை அஞ்சாம் நாள் ஆத்துத் திருவிழாவுக்கு பெண்ணையில எறங்குனா சாமி பாக்கறதுக்கு முன்னாடி சுருளிக்கிழங்கு விலை கேப்பாரு, வருஷா வருஷம் "போன வருஷம் பாதி வெலைதான்"னு சண்டை போட்டுட்டு வாங்குவாரு. இப்படி ஒரு இருபது விஷயம் இருந்தா புக்கு நெறஞ்சிடும். பொறந்ததுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு சட்டம் இல்ல, நான் சுவத்துல எழுதியிருந்த புயல் வரியிலேர்ந்து ஆரம்பிச்சேன்.

பிரிண்டிங்

நடுவுல பின் அடிக்கற புக்குன்னா பக்கம் 4ஆல வகுபடணும், 16, 20, 24 இப்படி. இது தெரியாம நான் 22 பக்கம் எடுத்துட்டுப் போனேன். யூனிகோட்ல டைப் பண்ணதை சில கடையில பழைய ஃபாண்ட்டுக்கு மாத்துவாங்க, அப்ப கொம்பு, கால் எல்லாம் எடம் மாறிடும், பிடிஎஃப் வாங்கி ஒவ்வொரு வரியா பாத்துட்டுத்தான் அடிக்கச் சொல்லணும். எனக்கு ஒரு பக்கத்துல "கழனி" எல்லாம் "கழணி"ன்னு வந்துடுச்சு, கடைக்காரர் அதுதான் கரெக்ட்டுன்னு அடம் புடிச்சாரு. எழுத்து 14 சைஸ் வைங்க, படிக்கப் போறவங்க பாதி பேரு கண் ஆபரேஷன் பண்ணவங்க. 100 காப்பி போதும். இப்ப புக்கோட விதை பாக்கெட், மரக்கன்னு குடுக்கறது ஃபேஷனா இருக்கு, நாங்களும் பலாக்கன்னு குடுத்தோம், தையில குடுத்து சித்திரை வெயில்ல முக்கால்வாசி காஞ்சு போச்சு. குடுக்கறதுன்னா மழைக்கு முன்னாடி வர்ற நாளா பாத்துக் குடுங்க.

கடைசி ரெண்டு பக்கத்தை கோடு போட்டு காலியா விடுங்க, அவரவர் ஞாபகத்துக்கு வர்றதை எழுதிக்கட்டும்னு. நாங்க விட்டோம். மாமா அவரு காப்பியில ஏரி ஏலம் போன வருஷமெல்லாம் எழுதி வச்சிருக்காரு. சித்தப்பா காப்பியில மோட்டர் காயில் கட்டறவன் ஃபோன் நம்பரும், யூரியா எத்தனை மூட்டைங்கற கணக்கும் இருக்கு.